வசன்ஜி சேட்டின் கல்தூண்கள்

வசன்ஜி சேட் மூன்று தடவை கடல் தாண்டி ஜான்ஜிபார் தீவு வரைக்கும் போய் வந்தவர் என்று மாண்டவித் துறை முழுக்கச் சொல்வார்கள். யார் சொல்லித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வசன்ஜி சேட்டிடமே வந்து நிற்க வேண்டியிருக்கும். அவர் என் கணவர் ஜாதவின் பெரியப்பா. ஜாதவுக்கு ஏழு வயதில் தகப்பன் இறந்துபோனதால் சோறு போட்டது, கிடங்கில் வேலை கொடுத்தது, எனக்குக் கட்டிவைத்தது எல்லாம் அவர்தான். அதை நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

கல்யாணம் எங்கள் ஊரில், ரூபேண் துறையில், அட்சய திருதியை அன்று நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை வீட்டார் சேட்டின் சொந்தப் பாய்க்கப்பலிலேயே வந்து இறங்கினார்கள். மறுநாள் விடியலில் என்னை ஏற்றிக்கொண்டு புறப்படுவதாக ஏற்பாடு. கூட வந்த உறவுக்காரர்கள் துவாரகையில் சாமி கும்பிட்டுவிட்டுப் பிறகு வருகிறோம் என்று தங்கிவிட்டார்கள். புத்தியுள்ளவர்கள். ஆக, கப்பலேறியது சேட், ஜாதவ், சேட்டோடு பிறந்தவளான ஜாதவின் அத்தை கேசர்பாய், நான். கப்பலை நடத்த ஜுமா தண்டலும் அவர் ஆட்கள் ஆறு பேரும்.

தென்மேற்கிலிருந்து நல்ல கச்சான் காற்று இருந்தால் ரூபேணிலிருந்து மாண்டவி ஒரு பகல் ஓட்டம். கரையை ஒட்டி ஓக்கா முனை வரைக்கும் போய், அங்கிருந்து வளைகுடாவின் வாயைக் குறுக்கே கடந்தால் எதிரே கச்சுக் கரை. மாடு வீடு திரும்பும் கோதூளி வேளையில் நான் மாண்டவி வீட்டு வாசல்படியை மிதிக்க வேண்டும் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். துறையில் மேளமும் ஷெனாயும் காத்திருக்குமாம்.

விடியலில் என் அப்பா என்னைக் கப்பலில் ஏற்றிவிட வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கப்பலின் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே சாக்கு சுற்றிய நான்கு கல்தூண்கள், ஆள் உயரத்துக்கு மேல் நீளம், பாய்மரத்தின் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. போர்பந்தர்க் கல்லில் மயில் செதுக்கிய தூண்கள். சேட் தன் வீட்டு முகப்புக்காகச் செய்யச் சொன்னவை. பெண்ணெடுக்க வந்த கையோடு அதையும் ஏற்றிக்கொண்டால் தனிக் கூலி மிச்சம் அல்லவா?

"சேட், மேல்தளத்துல கல்லா?" என்றார் அப்பா. "கீழ இறக்கிப் போட்டிருக்கலாமே."

"கீழ போட்டா மயில் மூக்கு உடையும், நாராண்பாய்."

"இல்ல, தலைப்பாரம், சாய்ஞ்சா நிமிராது..."

"நீ நாலு பேர் போற படகுல வலை வீசுறவன். இது கப்பல். மூணு வாட்டி ஜான்ஜிபார் பார்த்தவன்கிட்ட பாரத்தைப் பத்திப் பேசாதே."

அப்பா வாயை மூடிக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தவன் வேறு என்ன செய்வான்? என் சீதனப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிவந்து தூணுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பித்தளைத் தகடு அடித்த தேக்குப் பெட்டி. அதற்குள் நான் பதினோரு வயதிலிருந்து கோத்த மணித் தோரணங்கள், மெத்தை விரிப்புகள், செம்புக் குடங்கள். அந்த மணிகளைக் கோக்க எனக்குக் கொஞ்சமும் பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாண்டவிக்காரர்கள் வீட்டுக் கதவுக்கு மேலே தூசு படிவதற்காக எட்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்.

காற்று நன்றாகத்தான் இருந்தது. பாய் விரிந்ததும் கப்பல் ஓடிற்று. எங்கள் பக்கம் பெரியவர்கள் முன்னால் மருமகள் முகம் காட்டக்கூடாது, பேசவும் கூடாது. கழுத்து வரைக்கும் முக்காடு. கணவனின் பெரியப்பா என்றால் கேட்கவே வேண்டாம். சிவப்புத் துணிக்குள்ளிருந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள்ளிருந்து பார்த்தாலும் அற்பர்கள் அற்பர்களாகத்தான் தெரிந்தார்கள்.

சேட் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து ஜான்ஜிபார்க் கதை சொன்னார். அலை பனைமர உயரமாம். தண்டலே மயங்கி விழுந்துவிட்டாராம். சேட் சுக்கானைப் பிடித்தாராம். ஜுமா தண்டல் கேட்டுக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் கடலில் உப்பாகிப்போன மனிதர். அவர் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. "ஆமா சேட்" என்று மட்டும் நடுநடுவே சொன்னார். எனக்கு அந்த 'ஆமா' பிடிக்கவில்லை.

ஜாதவ் தேப்லா ரொட்டியும் பூண்டுச் சட்டினியும் தின்றுகொண்டிருந்தார். ஐந்து தின்றார். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் பெரியப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"முக்காட்டை இழு" என்றாள் கேசர் அத்தை. அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அடுத்த மூன்று மணி நேரத்தில் அதையே இருபது தடவை சொல்லியிருப்பாள். அத்தையின் கணவர் மொம்பாசாவுக்குப் போய்ப் பதினெட்டு வருஷம். கடிதம் வரும், ஆள் வரமாட்டார். மாண்டவிக் கோட்டைச் சுவர் ஓரம் தனி வீட்டில் இருந்தாள். நான் பார்த்தவரையில் ஊறுகாய் ஜாடி மாதிரி இறுகின முகம்.

ஓக்கா முனை தாண்டினதும் காற்று நின்றது. மெதுவாகக் குறையவில்லை, விளக்கை ஊதின மாதிரி நின்றது. பாய் தொங்கிப்போய்ப் பாய்மரத்தில் தட்டியது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜுமா வடகிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வானம் அழுக்குத் துணி நிறத்தில் இருந்தது.

"சேட், எனக்கு இது சரியாப் படல. பேட் தீவுக்குப் பின்னால ஒதுங்கி நிக்கலாம். கைக்கெட்டுற தூரம்தான்."

"ஒதுங்கினா கோதூளிக்கு எப்படிப் போறது? மேளக்காரன் உன் மாமனா?"

"காத்து எந்தப் பக்கம் வரும்னு..."

"வரும். கச்சான்தான் வரும். வைகாசியில வேற என்ன வரும்?" சேட் குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, கேசர் அத்தையிடம் சொன்னார்: "இவ கப்பல்ல எந்தக் காலை முதல்ல வெச்சா? இடது காலா? கேளு."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "எந்தக் காலை வெச்ச?"

"ரெண்டையும்தான் வெச்சேன் அத்தை. ஒண்ணை ஊர்ல விட்டுட்டா வர முடியும்?"

அத்தை சேட்டிடம் திரும்பி, "வலது காலாம்" என்றாள்.

ஜுமா தண்டல் ஓக்காப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு போய்ச் சுக்கான் பக்கத்தில் நின்றார். முப்பது வருஷ அனுபவம், ஒரு மேளக்காரனுக்குத் தோற்றுப்போயிற்று. அதைப் பார்த்தபோது எனக்குச் சேட்டின் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் அதிக வெறுப்பு வந்தது. தெரியாதவன் ஆடுவது இயல்பு. தெரிந்தவன் எதற்குக் குனிய வேண்டும்?

உச்சிப் பொழுதில் அடித்தது. கச்சான் இல்லை. வடகிழக்கிலிருந்து, ரண் பாலைவனத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது காற்று. முதலில் வாயில் மண். பிறகு கண் தெரியவில்லை. பாய் எதிர்ப்பக்கம் புரண்டு, பாயைத் தாங்கும் பருமல் மரம் பெரிய சத்தத்தோடு பாய்மரத்தில் மோதிற்று. "இறக்கு! இறக்கு!" என்று ஜுமா கத்துவதற்குள் பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்துவிட்டது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. தண்ணீர் பக்கத்துப் பலகையைத் தாண்டி உள்ளே வந்து, வெளியே போக மனமில்லாமல் கிடந்தது.

என் முக்காடு போய்விட்டது. காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. "முக்காடு!" என்று அத்தை கத்தினாள். வாய் நிறைய மண்ணோடு.

"மேல் பாரத்தைக் குறைக்கணும் சேட்!" என்றார் ஜுமா. "கல்லைத் தள்ளணும்!"

சேட் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அதுதான் கைக்கு அகப்பட்டது போல. "கல்லைத் தொட்டா உன் கையை முறிப்பேன்! அந்தப் பெட்டியைத் தள்ளு! பொண்ணு வீட்டுப் பெட்டி. அதுலதான் பீடை இருக்கு!"

ஜுமாவின் ஆட்களில் இரண்டு கலாசிகள் என்னைப் பார்த்தார்கள். பாவம், கூச்சப்பட்டார்கள். நான் தலையாட்டினேன். பெட்டி போயிற்று. எட்டு வருஷ மணிகள் குமிழி விட்டுக்கொண்டு மூழ்கின. என் வயிறு எரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது. கப்பலுக்குத்தான் குறையவில்லை. துணியும் செம்பும் எவ்வளவு கனக்கும்? சேட்டின் நான்கு மயில்களும் அசையாமல் கிடந்தன.

ஜாதவைத் தேடினேன். பின்பக்கத்துக் கூரைக்கு அடியில் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். தின்ற ஐந்து தேப்லாவும் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நடுநடுவே தரியாலாலைக் கூப்பிட்டார். கடல் சாமி அன்று வேறு வேலையாக இருந்திருப்பார்.

புழுதிக் காற்று அரைமணியில் ஓய்ந்தது. வானம் வெளுத்தது. சேட் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "பார்த்தியா? பீடை போச்சு, காத்தும் போச்சு" என்றார். நிஜமாகவே சொன்னார். அவர் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் தென்மேற்கிலிருந்து கச்சான் திரும்பி வந்தது. காலையில் வந்த காற்று இல்லை இது. வளைகுடாவிலிருந்து தண்ணீர் வற்றி வெளியே ஓடும் நேரம் அது. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் தண்ணீரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டன. அலைகள் நீளமாக இல்லாமல் செங்குத்தாக, வீடு வீடாக எழுந்தன. சின்னப் பாயை ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஒவ்வொரு அலை உச்சியிலும் கப்பல் ஒரு பக்கமாகப் படுத்து, நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்தது. அந்த யோசனை ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போயிற்று.

ஜுமா மறுபடியும் வந்தார். "சேட், கெஞ்சிக் கேக்குறேன். அந்தக் கல்லு..."

"போர்பந்தர்லேர்ந்து ஆள் வெச்சு செதுக்கினது."

"சேட்..."

"ஜான்ஜிபார்ல இதைவிடப் பெரிய அலை."

நான் அத்தையின் கையைப் பிடித்தேன். "அத்தை, அவர்கிட்ட சொல்லுங்க. செத்துப்போனா வீடு எதுக்கு, முகப்பு எதுக்குன்னு கேளுங்க."

"நானா? என் பேச்சை இந்த வீட்டுல எவன் கேட்டான்? வேணும்னா நீயே கேளு" என்றாள் அத்தை.

கேட்டேன். முக்காடு இல்லாத முகத்தோடு, அவர் முன்னால் நின்று கேட்டேன். "பெரியப்பா, கல்லைத் தள்ளச் சொல்லுங்க."

சேட்டுக்கு அலையைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி. வாய் திறந்தபடி நின்றார். என்னிடம் பேசவில்லை. என் தலைக்கு மேலே பார்த்து, "ஜாதவ்! உன் பொண்டாட்டியை அடக்கு!" என்றார்.

ஜாதவ் வாளியிலிருந்து தலையைத் தூக்கினார். நான் ஜுமாவைப் பார்த்தேன்.

"தண்டலே, இந்தக் கப்பல் யாருது?"

"சேட்டுது."

"உங்க உசுரு?"

அவர் கண் கல்தூண்கள் பக்கம் போயிற்று. சமையல் பண்டாரி தேங்காய் உடைக்கும் வெட்டரிவாள் அடுப்புப் பெட்டியில் செருகியிருந்தது. அதை எடுத்து, கப்பல் சாய்ந்த பக்கத்தில் இருந்த தூணின் கயிற்றில் ஓங்கிப் போட்டேன்.

அது முட்டாள்தனமான காரியம். இன்றைக்கு யாராவது செய்தால் நானே அறைவேன். கட்டவிழ்ந்த கல் ஆடுகிற தளத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஜுமாவுக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்தது.

"ஐயோ, நிறுத்தும்மா! அப்படியில்ல! மாமத், கடப்பாரையைக் கொண்டாடா! பக்கத்துப் பலகையைக் கழட்டுங்கடா! அந்தப் பக்கம் சாயும்போது தள்ளணும், அந்தப் பக்கம் சாயும்போது!"

அவருக்கு வாய் வந்துவிட்டது. வெட்டப்பட்ட கயிற்றைப் பார்த்ததும் சேட்டிடம் அனுமதி கேட்கிற ஜுமா போய், தண்டல் ஜுமா வந்தார். நான்கு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். ஆள் போதவில்லை. நான் ஜாதவைக் கூப்பிட்டேன்.

"எந்திரிச்சு வாங்க. ஒரு கை குடுங்க."

ஜாதவ் எழுந்தார். நிஜமாகவே எழுந்தார். கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார். அப்போது என் மனசில் ஏதோ கொஞ்சம் இளகியது. பிறகு அவர் சேட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"பெரியப்பா, தள்ளட்டுமா?"

"தள்ளினா என் வீட்டுப் படி ஏறாதே!"

ஜாதவ் உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு அடியையும் திரும்பி நடக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே, தண்ணீரில், உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆண்பிள்ளை உட்கார்வதைப் பார்த்து எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

முதல் தூண் போயிற்று. கப்பல் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நிமிர்ந்தது. இரண்டாவது போயிற்று. மூன்றாவது கிளம்பும்போது கப்பல் எதிர்பாராமல் மறுபக்கம் உருண்டது. கல் ஒரு முழம் பின்னால் வந்து கலாசி மாமத்தின் வலது காலில் உட்கார்ந்தது. மாமத் கத்தவில்லை. "யா அல்லா" என்று மெதுவாக, யாரையோ பக்கத்தில் கூப்பிடுவது போலச் சொன்னான். காலை வெளியே எடுத்தபோது இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை. என் முக்காட்டுத் துணி கடலில் போய்விட்டதால் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

நான்காவது தூணும் போயிற்று. சேட் அழுதார். உயிர் பிழைத்ததற்கா, மயிலுக்கா என்று நான் கேட்கவில்லை.

நாலு மணி வாக்கில் மாண்டவி தெரிந்தது. கோட்டைச் சுவர், கலங்கரை விளக்கம், கரையில் எறும்பு மாதிரி ஆட்கள். ஆற்று முகத்துவாரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. தண்ணீர் முழுதாக வற்றியிருந்தது. மணல் திட்டின் மேல் ஒவ்வொரு அலையும் கவிழ்ந்து அடித்தது.

சேட்டுக்கு மறுபடியும் உயிர் வந்தது. தலைப்பாகையைப் பிழிந்து கட்டிக்கொண்டார். "மேளம் நிக்குது பார்! நேரா உள்ள விடு, ஜுமா!"

"தண்ணி இல்ல சேட். திட்டுல தட்டினா ரெண்டா போயிடும்."

"கோதூளி தவறிடும்!"

ஜுமா அவரைத் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "உங்க கல்லை உங்க முன்னாலயே தள்ளினவன் நான். என் வேலை போயாச்சு. இனி நான் எதுக்கு பயப்படணும்? போய் உக்காருங்க சேட், கால்ல கயிறு மாட்டப்போவுது."

சேட் போய் உட்கார்ந்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது: காலையிலேயே யாராவது இந்தத் தொனியில் பேசியிருந்தால் காலையிலேயே உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் அவர் கனம்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே முந்திரா துறைப் பக்கம் ஓடினோம். சூரியன் இறங்கும் நேரத்துக்கு அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கழி வாய்க்குள் நுழைந்தோம். உள்ளே போனதும் காற்று தலைக்கு மேலே மட்டும் இரைந்தது; தண்ணீர் அசையவில்லை. மரங்களுக்கு நடுவே ஒட்டகங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று இலை மென்றுகொண்டிருந்தன. எங்களைப் பார்த்தன. மெல்வதை நிறுத்தவில்லை.

மாமத்தைக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. கப்பல் சேற்றில் தட்டி நின்றதால் எல்லாரும் இறங்கி நடந்தோம். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. சரியாக அந்த நேரத்தில்தான் கோதூளி. கச்சு மண்ணில் நான் வைத்த முதல் காலை வெளியே இழுக்கவே அரை நிமிஷம் ஆயிற்று. எந்தக் கால் என்று யாரும் கேட்கவில்லை. ஒட்டகக்காரர்கள் கம்பு ரொட்டியும் ஒட்டகப்பாலும் கொடுத்தார்கள். ஜாதவ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோவமா?" என்றார்.

"இல்ல."

"அவர் இல்லாட்டி நான் நடுத்தெருவுல நின்னிருப்பேன். உனக்குப் புரியாது."

"இன்னைக்கு நடுக்கடல்ல கிடந்திருப்பீங்க. அது எனக்குப் புரிஞ்சுது."

அவர் ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தின்னவில்லை.

மறுநாள் மாட்டுவண்டியில் மாண்டவி. மாமத்தை முந்திராவிலேயே வைத்தியரிடம் விட்டோம்; ஜுமாவும் கூடத் தங்கிவிட்டார். அதனால் சேட்டுக்கு வசதியாகப் போயிற்று. வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. என்னை ஒரு மூலையில் புது முக்காட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, சேட் ஊஞ்சலில் அமர்ந்து தொடங்கினார். இந்தத் தடவை ஜான்ஜிபார் இல்லை.

"பாரு, தண்டலுக்குக் கை கால் ஓடல. நான் சொன்னேன்: கல்லு என்னடா பெரிய கல்லு? நம்ம வீட்டு மருமக உசுரு பெருசா, தூண் பெருசா? தள்ளுன்னேன். நாலையும் தள்ளுன்னேன்!"

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு கிழவர் சேட்டின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்று சேட் குரலை இறக்கினார். "இந்தப் பொண்ணு அறிவில்லாம அரிவாளை எடுத்துக் கயித்தை வெட்டிடுச்சு. அதுல ஒரு கலாசிக்குக் கால் போச்சு. சின்னப் பொண்ணு, மன்னிச்சுட்டேன். கேளுங்க ஜாதவை. என்னடா?"

எல்லாரும் ஜாதவைப் பார்த்தார்கள். ஜாதவ் தரையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

பொய்க்குள் ஒரு துண்டு நிஜத்தை வைத்துத் தைத்திருந்தார் சேட். மாமத்தின் விரலுக்கு நானும் பொறுப்புதான். அதனால் என் வாய் ஒரு கணம் அடைத்துப்போயிற்று. அந்தக் கணத்தில்தான் வாசல் பக்கமிருந்து கேசர் அத்தையின் குரல் வந்தது. அந்த வறட்டுக் குரல்.

"வசன், நிறுத்து."

"நீ உள்ள போ, கேசர்."

"பதினெட்டு வருஷமா உள்ளதான் இருக்கேன். இன்னைக்கு வெளிய நின்னு சொல்றேன். தண்டல் ஓக்காவுலயே ஒதுங்கலாம்னான். நீ மேளக்காரனுக்காக மாட்டேன்ன. இந்தப் பொண்ணோட பெட்டியைத் தூக்கிக் கடல்ல போட்ட. தூணைக் கட்டிப் புடிச்சுட்டு நின்ன. நான் பார்த்தேன். கயித்தை இவ வெட்டலேன்னா இன்னைக்கு நீங்க எல்லாரும் எங்களுக்குப் பால் ஊத்திட்டு இருப்பீங்க." பிறகு ஜாதவைப் பார்த்தாள். "நீ வாந்தி எடுத்த வாளியைக் கழுவினது நான். எனக்கு முன்னால 'ஆமா'ன்னு சொல்ல உனக்கு நாக்கு கூசல?"

முற்றத்தில் பின்னால் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஒருத்தி சிரித்ததும் இன்னொருத்தி. சேட்டின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவர் மெதுவாக அந்தக் கையை ஊஞ்சல் பலகையில் திருப்பி வைத்தார்.

அத்தையை நான் முழுக்கத் தப்பாக எடை போட்டிருந்தேன். ஒரு பகல் முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவராக எல்லாரையும் இகழ்ந்துகொண்டிருந்தவள் நான். அவளையும் விட்டுவைக்கவில்லை.

நான் எழுந்து முக்காட்டை விலக்கினேன். "அத்தை, உங்க வீட்டுல ஒரு பாய் போட இடம் இருக்குமா?"

"ரெண்டு பாய்க்கு இருக்கு" என்றாள். ஜாதவைப் பார்க்காமலே சொன்னாள்.

அன்று நான் மட்டும்தான் போனேன். மூன்றாம் நாள் காலையில் ஜாதவ் வந்தார். கையில் ஒன்றும் இல்லை; கிடங்குச் சாவியைக்கூட வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். அத்தை கதவைத் திறந்து, "கேட்டுட்டு வந்தியா, கேக்காம வந்தியா?" என்றாள்.

"கேக்காம."

"சரி, உள்ள வா. கால்ல மண்ணு, கழுவிட்டு வா."

மாமத்தைப் பார்க்க நானும் அத்தையும் இரண்டு தடவை முந்திராவுக்குப் போனோம். நொண்டியபடியே அவன் ஜுமாவோடு வேறொரு கப்பலில் ஏறினான். என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜாதவ் துறையில் ஒரு கயிற்றுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பெரியப்பாவைத் தெருவில் பார்த்தால் ஆரம்பத்தில் சந்துக்குள் ஒளிவார். பிறகு ஒளிவதை விட்டார். பிறகு தலையை நிமிர்த்தியே நடந்தார். இதற்கெல்லாம் ஒன்பது வருஷம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நல்ல தகப்பன், குறை சொல்ல மாட்டேன். அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டதா என்று அத்தை ஒருநாள் கேட்டாள்.

"பாதி வந்திருக்கு" என்றேன்.

"எனக்கு அதுகூட இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போட எழுந்து போனாள்.